பாக்கியத்தின் புல்தைலம்

என் வியாதியின் கதையைத் தெற்கே பாறசாலையிலிருந்து வடக்கே வித்துரா வரைக்கும் பல சபைகளில் சாட்சியாகச் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் அழுதார்கள். சில இடங்களில் நானும் அழுதேன். அழத் தெரியாத உபதேசியாருக்குப் பிழைப்பு ஓடாது. அந்தச் சாட்சியில் ஒரு பொய் இருக்கிறது. இப்போது உடம்பு தேறிவிட்டது, கை நடுங்காமல் பேனா பிடிக்க முடிகிறது, இனிமேல் சாக்குச் சொல்ல வழியில்லை. ஆகையால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

முதலில் வந்தது சீதபேதி. கிராமம் கிராமமாக ஜெபக்கூட்டம் நடத்துகிறவன் எந்தக் கிணற்றுத் தண்ணீர், யார் வீட்டுச் சோறு என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மாதுளந்தோல் கஷாயத்தில் அது நின்றுபோனது. நின்றதாக நினைத்தேன். இரண்டு மாதம் கழித்து சாயங்காலமானால் குளிரும் காய்ச்சலும் வர ஆரம்பித்தன. வலது விலாவில் ஒரு கனம். வலது தோள்பட்டையில் காரணமில்லாத வலி. வாயு என்றார்கள். என் மனைவி செல்லத்தாய் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தின் நடுவில் நிற்க முடியாமல் உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் மாட்டுவண்டியில் நெய்யாற்றின்கரைக்கும் அங்கிருந்து பஸ்ஸில் திருவனந்தபுரத்துக்கும் கொண்டுவந்தார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் என்ன வேலை என்று மலையாளத்தில் கேட்டார். உபதேசியார் என்று சொல்லிவிட்டு, முன்னால் கூப்பிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தலை தூக்காமல் பெஞ்சின் கடைசியைக் காட்டினார். எனக்கு முன்னால் சொறி சிரங்குப் பிள்ளைகள், பல்வலிக்காரர்கள், யானைக்கால்காரர் ஒருவர். காய்ச்சல் கொதிக்கிற நேரத்திலும் எனக்கு வந்த கோபம் காய்ச்சலைவிட அதிகம். என் பேரைக் கூப்பிடும்போது மணி பதினொன்று தாண்டிவிட்டது.

டாக்டர் வயதில் சின்னவர். படுக்கச் சொல்லி, விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு விரலை வைத்து அழுத்தினார். நான் போட்ட சத்தத்தில் வெளியே இருந்த பிள்ளைகள் அழுதன. மரணப் படுக்கைகளின் பக்கத்தில் நின்று, கர்த்தரைக் கூப்பிடுங்கள் என்று எத்தனையோ பேருக்குச் சொன்னவன் நான். அந்த விரல் பட்டபோது என் வாயில் வந்தது அம்மா என்ற ஒரே சொல்தான்.

பிறகு பரிசோதனைகள். மலத்தை ஒரு தகரக் குப்பியில் எடுத்துக்கொண்டு, தெரிந்தவர் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று செல்லத்தாய் முந்தானையால் மூடி ஓடினாள். அதைப் பூதக்கண்ணாடியின் கீழே வைத்துப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத பூச்சி தெரியுமாம். தெரிந்தது. எக்ஸ்ரே படத்தில், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற சவ்வு வலப்பக்கம் மேலே தள்ளியிருந்தது. டாக்டர் தன் கையைக் குவித்துக் காட்டி விளக்கினார். சீதபேதிப் பூச்சி குடலோடு நிற்காமல் ஈரலுக்குப் போய், அங்கே தின்று தின்று ஒரு பள்ளம் உண்டாக்கி, அதைச் சீழால் நிரப்பியிருக்கிறது. உடைந்து வயிற்றுக்குள் போனால் ஆள் போய்விடுவான். அதற்கு முன்னால் ஊசியால் எடுக்க வேண்டும்.

ஊசி என்றால் கைக்குப் போடுகிற ஊசி இல்லை. ஒரு சாண் நீளம், கோணி தைக்கிற தடிமன். தோலை மரத்துப்போகச் செய்கிற மருந்து போட்டார்கள், அது தோலோடு நின்றுவிட்டது. உள்ளே போகப்போக நான் எல்லாவற்றையும் அறிந்தேன். வெண்ணிறக் கிண்ணத்தில் விழுந்தது மஞ்சள் சீழ் அல்ல, மீன் குழம்பு மாதிரி ஒரு செம்பழுப்புத் தண்ணீர், அரைப்படிக்கு மேல். கிண்ணத்தைப் பிடித்திருந்த நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்றைய தினம் காய்ச்சல் இறங்கியது. பூச்சியைக் கொல்லத் தினம் ஒரு ஊசி மருந்தும் உண்டு. அது பூச்சியைக் கொல்வதோடு இருதயத்தையும் தளர்த்துமாம். எழுந்து உட்காரவே கூடாது, மலஜலம் எல்லாம் படுக்கையில்தான் என்று உத்தரவு.

அந்த மருந்தை வெளியே வாங்க வேண்டியிருந்தது. சபையார் பணம் பிரித்துக் கொடுத்தார்கள், போதாததற்குச் செல்லத்தாய் யாரிடம் கேட்டாள் என்று நான் விசாரிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணை இருப்பதைக் கூட்டிருப்பு என்பார்கள். கூட்டிருப்புக்காரர்கள் பின்பக்கத்துக் கொட்டகையில் மூன்று கல் கூட்டிச் சமைப்பார்கள். புகையில் கண் சிவந்து செல்லத்தாய் கஞ்சி கொண்டுவருவாள், பப்படத்தைச் சுட்டு நொறுக்கி மேலே போட்டிருப்பாள். என் அழுக்குத் துணிகளைக் குழாயடியில் அடித்துத் துவைத்து, காய்ந்தவுடன் வெயில் சூட்டோடு மடித்து என் வயிற்றின்மேல் வைப்பாள். கஞ்சியில் உப்புக் குறைவு என்று நான் சொல்லுவேன்.

எனக்கு இடப்பக்கத்துக் கட்டிலில் கிழக்கேகோட்டை அக்கிரகாரத்துச் சேஷய்யர், சர்க்கார் கச்சேரிக் குமஸ்தா, குடலிறக்கத்துக்கு அறுவை செய்துகொண்டவர். இருமினால் தையல் விட்டுவிடும் என்று இருமலை விழுங்கிக்கொண்டு கிடந்தார். வலப்பக்கத்துக் கட்டிலில் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துக் கூலி ஏசுவடியான். மேட்டிலிருந்து உருண்ட மரக்கட்டையின் கீழே இடதுகால் நசுங்கி, அழுகல் பிடித்து, முழங்காலுக்குக் கீழே வெட்டியிருந்தார்கள். வெட்டின இடத்துக்கு மேலேயும் அழுகல் ஏறிவிட்டது. இன்னொரு முறை வெட்ட அவனுடைய இருதயம் தாங்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

அந்த நாற்றத்தை எழுத எனக்கு மனமில்லை. கட்டு மாற்றுகிற நேரத்தில் ஏசுவடியான் துண்டால் தன் முகத்தை மூடிக்கொண்டு, எங்கள் பக்கமாகத் திரும்பி, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்பான். நான் பொறுத்துக்கொள்ளவில்லை. அவனை வராந்தாவில் கொண்டுபோய்ப் போடும்படி நர்ஸிடம் கேட்டேன். ஒரு நாள் இல்லை, மூன்று நாள் கேட்டேன். வராந்தாவில் மத்தியானம் தொட்டு மேற்கு வெயில் விழும், காக்கை காலில் போட்ட கட்டின்மேல் உட்காரும். உபதேசியார் சொல்லுகிறாரே என்று மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் நர்ஸ், நாளைக்கு மாற்றிவிடலாம் என்றாள்.

அவன் மனைவி பாக்கியம் கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் தன் மூட்டைக்குள்ளிருந்து ஒரு குப்பி எடுத்தாள். புல்தைலம். வித்துரா மலைச்சரிவில் எலுமிச்சை வாசனைப் புல்லைக் காய்ச்சி இறக்குவார்களே, அது. அங்கே தைலம் காய்ச்சுகிற கொட்டிலில் வேலை செய்கிற அவளுடைய தம்பி, கைச்செலவு முட்டினால் திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் விற்றுக்கொள் என்று கொடுத்தனுப்பியிருந்தான். அவளிடம் இருந்த ஒரே சொத்து அதுதான். விற்கவில்லை. ஒரு துணியில் நாலு துளி விட்டு கட்டில் கம்பியில் கட்டினாள். நாற்றம் போகவில்லை, ஆனால் தாங்கும்படி ஆயிற்று. நர்ஸ் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, சரி, கிடக்கட்டும் என்று போய்விட்டாள்.

பிறகு பாக்கியம் என்னிடம் வந்தாள். அவனை வெளியே அனுப்பச் சொன்னவன் நான் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒரு பஞ்சில் இரண்டு துளி விட்டு என் தலையணைக்கு அடியில் வைத்து, இதைக் கர்த்தருடைய ஊழியக்காரருக்கு முதலில் கொடுத்திருக்க வேண்டும், தவறிவிட்டது என்றாள். அன்றுமுதல் தினமும் காலையில் எனக்குத்தான் முதல் துளி. நான்காம் நாள் அவள் வரக் கொஞ்சம் தாமதமானபோது கட்டில் கம்பியைத் தட்டி அவளைக் கூப்பிட்டேன்.

ஒரு மத்தியானம் செல்லத்தாயிடம் அவள் சொன்னது என் காதில் விழுந்தது. முதல் பிரசவத்தில் பிள்ளை தங்கவில்லை, அவளுக்கு ஜன்னி கண்டுவிட்டது. அடைமழையில் வண்டி கிடைக்காமல், ஏசுவடியான் அவளை முதுகில் கட்டிக்கொண்டு போனக்காட்டிலிருந்து வித்துரா வைத்தியரிடம் நடந்தே இறங்கினானாம். வழியெல்லாம் அட்டை. அவன் காலில் இருந்து வடிந்த ரத்தம் வைத்தியர் வீட்டு வாசலில் கிடந்ததாம். அந்த இரண்டு காலில் ஒன்றுதான் இப்போது மிச்சம் என்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டு, குப்பியில் இன்னும் முக்கால் பங்கு இருக்கிறது என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏசுவடியான் இந்த வாரம் தாண்ட மாட்டான் என்று எனக்குத் தெரியும், மரணப் படுக்கைகளைப் பார்த்துப் பழகின கண். நான் இன்னும் இரண்டு வாரம் கிடக்க வேண்டும். என் விலாவில் ஊசி குத்தின துளையும் கசிந்துகொண்டிருந்தது, எனக்கும் நாற்றம் உண்டு. அவன் போனபிறகு அவளுக்கு அந்தக் குப்பி எதற்கு? இப்போதே ஒரு வார்த்தை கேட்டு வைக்கும்படி செல்லத்தாயிடம் சொன்னேன். அவள் கஞ்சிப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

“அந்த மனுசன் இன்னும் சாவல்ல. உயிரோட கெடக்கவன் பொருளுக்கு நம்மளா பங்கு கேக்கியது?” என்றாள்.

ஊழியக்காரனுடைய சரீரம் கர்த்தருக்கு வேண்டியது என்று நான் ஏதோ சொன்னேன். அவள் துவைக்கப் போய்விட்டாள்.

அது ஈஸ்டருக்கு முந்தின லெந்து உபவாச நாட்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வார்டில் இருந்த கிறிஸ்தவர்கள் ஒரு வார்த்தை சொல்லும்படி கேட்டார்கள். படுத்தபடியே பேசினேன். லெந்து வந்தால் வருஷாவருஷம் நான் பிரசங்கிக்கிற பகுதி ஒன்று உண்டு. விலையேறப்பெற்ற தைலத்தை ஒரு பெண் கொண்டுவந்து, மிச்சம் வைக்காமல் கர்த்தருடைய பாதத்தில் ஊற்றினாள். பந்தியில் இருந்த சீஷன் ஒருவன், இது வீண், விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்றான். அவனுக்கு ஏழைகள்மேல் அக்கறை இல்லை, பணப்பை அவன் கையில் இருந்தது. அவன்தான் பிறகு கர்த்தரைக் காட்டிக்கொடுத்தவன். நன்றியுள்ளவள் அளந்து ஊற்றமாட்டாள், ஆசையுள்ளவன்தான் அளப்பான் என்று முடித்தேன். நன்றாகவே பேசினேன். பாக்கியம் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு கேட்டாள். தலையணைக்கு அடியிலிருந்து புல்தைல வாசனை வந்துகொண்டிருந்தது.

புதன்கிழமை காலையில் ஏசுவடியானுக்கு நல்ல தெளிவு. சாகப்போகிறவர்களுக்குச் சில வேளை அப்படி வரும். ரொம்ப நாறுகிறேனா என்று அவளிடம் கேட்டான். அவள் எழுந்தாள். கொட்டகைக்குப் போய் வெந்நீர் கொண்டுவந்தாள். மிச்சமிருந்த வலதுகாலை விரல் விரலாகக் கழுவித் துடைத்தாள். பிறகு குப்பியைத் திறந்து அந்தக் காலிலும், கட்டுப் போட்ட இடத்திலும் கவிழ்த்தாள். குப்பி காலியாகிறவரைக்கும் கையை எடுக்கவில்லை. தைலம் விரிப்பில் இறங்கித் தரையில் சொட்டியது. வார்டு முழுவதும் அந்த வாசனை. அறுவை செய்தவர்கள்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். ஏசுவடியான் நன்றாக மூச்சை இழுத்து, நம்ம மலைக்க வாசன என்றான்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்திருக்கக் கூடாது என்ற உத்தரவையும் மறந்து முழங்கையை ஊன்றி எழும்பினேன்.

“எல்லாத்தையுமா ஊத்தின? இப்பிடிப் பாழாக்கிட்டியே. வித்திருந்தா எத்தன ஏழைகளுக்கு ஆயிருக்கும்” என்றேன்.

இடப்பக்கத்தில் சேஷய்யர் சிரிக்க ஆரம்பித்தார். தையலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வலியில் கண்ணீர் வர வரச் சிரித்தார்.

“உபதேசியாரே, நான் மிஷன் ஸ்கூல்ல வேதப் பரீட்சைக்குப் பிரைஸ் வாங்கினவன். இப்ப நீர் சொன்னதை உமக்கு முன்னாடி ஒருத்தன் சொல்லியிருக்கான். ஞாயித்துக்கிழமை நீரே சொன்னீர், அதுக்குள்ள மறந்துபோச்சா?”

மறந்துதான் போயிருந்தது. இத்தனை வருஷம் பிரசங்கித்தும் அந்தப் பந்தியில் நான் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. ஆனால் எனக்கு அப்போது வந்தது வெட்கம் இல்லை. ஓர் ஐயர் என்னை வேதத்தில் மடக்கிவிட்டாரே என்ற ஆத்திரம்தான் வந்தது.

பாக்கியத்துக்கு ஐயர் பேச்சு விளங்கவில்லை. அவளுக்கு விளங்கியது ஊழியக்காரர் கோபித்துவிட்டார் என்பது மட்டும். காலிக் குப்பியோடு என் கட்டிலுக்கு வந்து நின்றாள்.

“தப்பாப் போச்சா அய்யா? நீங்க ஞாயித்துக்கெழம சொன்னீயளே, அதக் கேட்டுத்தான் எனக்குத் தோணிச்சு.”

அப்போது ஒரு வார்த்தை, இல்லை அம்மா என்ற ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நானோ, அவள் ஊற்றினது கர்த்தருக்கு, நீ ஊற்றினது யாருக்கு என்று கேட்டேன். அவள் தலை குனிந்துகொண்டாள்.

விளக்கு ஏற்றுவதற்கு முன்னால் ஏசுவடியான் போய்விட்டான். அவள் மார்பில் அடித்துக்கொள்ளவில்லை. கட்டிலைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் நின்று, இத்தனை வருஷம் இவரை எனக்குத் தந்ததற்கு ஸ்தோத்திரம், மண் தரையில் விடாமல் இந்தக் கட்டிலையும் வெள்ளை விரிப்பையும் தந்ததற்கு ஸ்தோத்திரம் என்றாள். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். டாக்டரைச் சொன்னாள், நர்ஸைச் சொன்னாள், கடைசியில் என்னையும் சொன்னாள். ஆட்கள் தூக்க வந்தபோது, அவன் காலைத் துடைத்த துணியை மடித்து என் கையில் கொடுத்தாள். மிச்சம் இதில் இருக்கிறது அய்யா, தலைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். நான் வாங்கிக்கொண்டேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

மேலும் இரண்டு முறை சீழ் எடுத்தார்கள். அதற்கு அடுத்த முறை கிண்ணத்தில் ஒன்றும் விழவில்லை. செல்லத்தாய் அதைக் கேட்டு வராந்தாவில் போய்த் தனியாக அழுதாள். வீட்டுக்கு அனுப்பினார்கள்.

எங்கள் சபையில் வியாதி நீங்கினவன் எழுந்து நின்று சாட்சி சொல்லி ஸ்தோத்திரக் காணிக்கை படைப்பது வழக்கம். நானும் நின்றேன். காய்ச்சல், ஊசி, கிண்ணம் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். ஜனங்கள் விசிறிக்கொண்டிருந்தார்கள், பின்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். கொட்டாவியை என்னால் தாங்க முடியாது. புல்தைலத்தைப் பற்றிச் சொன்னேன். மலையிலிருந்து வந்த ஓர் ஏழை விதவை, கர்த்தருடைய ஊழியக்காரன் சாகக் கிடக்கிறான் என்று கண்டு, தன்னிடம் இருந்த ஒரே குப்பியை என் பாதத்தில் ஊற்றினாள் என்றேன். என் பாதத்தில். விசிறிகள் நின்றன. ஒரு பெண் விம்மினாள். அன்றைக்குப் போல் எங்கள் சபையில் காணிக்கை விழுந்ததே இல்லை. பெண்கள் பக்கத்தில் செல்லத்தாய் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்தும் அதைப் பற்றிப் பேசவில்லை, இன்றுவரைக்கும் பேசவில்லை. என் கஞ்சியில் உப்பு சரியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

பிறகு ஒவ்வொரு சபையாகக் கூப்பிட்டார்கள். எல்லாருக்கும் தைலக் கதை வேண்டும். சொல்லச் சொல்ல எனக்கே அந்தக் குளிர்ச்சி காலில் தெரிய ஆரம்பித்தது. போன மாதம் வித்துராவில் தோட்டக்காரர்களுக்காக ஒரு கூட்டம். தைலக் கதைக்குப் பாதி தூரம் வந்திருந்தேன், முன்பாயில் பாக்கியம் உட்கார்ந்திருந்தாள். கண்ணை எடுக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிறுத்தலாம், மாற்றிச் சொல்லலாம். போதகர் பக்கத்தில் இருந்தார், ஜனங்கள் காத்திருந்தார்கள். என் பாதத்தில் ஊற்றினாள் என்று அவள் முகத்தைப் பார்த்தபடியே சொன்னேன். எல்லாரையும் போல அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கூட்டம் முடிந்து எல்லாரும் போகும்வரை அவள் வாசலில் நின்றாள். சபை நடுவில் சொல்லாமல் தனியாகக் கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். கிட்ட வந்து கும்பிட்டாள்.

“ஒங்களுக்கும் ஒருத்தி ஊத்தினாளா அய்யா? நான் செஞ்சது பாவம்னு இந்நாள் வரைக்கும் நெஞ்சுக்குள்ள கெடந்து அறுத்திச்சு. இன்னைக்குத்தான் சமாதானமாச்சு. அந்த அக்கா பேரு என்னய்யா? ஜெபத்துல நெனச்சிக்கிடுதேன்.”

வாயில் வந்த ஒரு பெயரைச் சொன்னேன். மறந்துவிடக் கூடாது என்று அவள் அதை இரண்டு முறை எனக்குச் சொல்லிக்காட்டி, சரிதானா என்று கேட்டாள். சரிதான் என்றேன்.